தலைமேல் ஏறிய இரண்டு

எக்ஸின் தலைமேல் இரண்டை ஏற்றிவைப்பது இருபது வருடங்களுக்கும் மேலாக என் தொழில். கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குக் கிட்டத்தில் டிடிபி, ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் என்று போர்டு மாட்டிய கடை. பள்ளிக்கூட வினாத்தாள், டியூஷன் சென்டர் மாதிரித் தேர்வு, எம்.ஃபில். ஆய்வேடு என்று கணக்குப் பாடம் எத்தனையோ பேர் கையெழுத்தில் என் மேஜைக்கு வந்து போயிருக்கிறது. கண்ட்ரோலையும் ஷிப்டையும் பிடித்துக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டினால், அடுத்து அடிக்கிற எண் சின்னதாகி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி அதையே தட்டினால் தரைக்கு வந்துவிடலாம். எண் மேலே போய்ச் சேர்ந்ததும் என் வேலை முடிந்தது. அங்கே அது என்ன செய்கிறது என்று நான் விசாரித்ததில்லை. விசாரிப்பதற்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று யாரும் தருவதும் இல்லை.

கணக்குப் பக்கம் என்றால் கூலி கூடத்தான் கேட்போம். காரணம் உண்டு. தமிழ் பாமினி எழுத்துருவில் ஓடும். நடுவில் ஓர் எக்ஸ் வந்தால் எழுத்துருவை மாற்றி, எக்ஸை அடித்து, மறுபடி பாமினிக்குத் திரும்ப வேண்டும். மாற்றாமல் எக்ஸைத் தட்டினால் திரையில் ‘ஒ’ விழும். ‘ஒ² + 5ஒ + 6 என்பதைக் காரணிப்படுத்துக’ என்று ஒரு கேள்வி பரீட்சை அறைக்குள் போனால், பிள்ளைகள் அதை நெடிலாக்கி அழுவதைக் குறை சொல்ல முடியாது.

அதைவிட ஆபத்து, மேலே ஏறின எண் கீழே விழுவது. ஃபைலை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும், வாட்ஸ்அப்பில் காப்பி பேஸ்ட் செய்யும்போதும், உயரத்தில் இருந்தது சத்தமில்லாமல் இறங்கிவிடும். பத்து லட்சமாக இருந்த 10⁶, வெறும் நூற்றாறாகிப் போகும். இவ்வளவு வேகத்தில் சொத்து கரைவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஒரு டியூஷன் சென்டரின் வினாத்தாளில் 3⁴ × 3² என்று இருந்தது, இப்படி இறங்கி 34 × 32 ஆகிப் பிள்ளைகள் கைக்குப் போனது. அந்தத் தாள் என் கடையில் அடித்ததல்ல. இதை அப்போதே எல்லோரிடமும் சொன்னேன். இப்போது எழுத்திலும் பதிவு செய்கிறேன். வாத்தியார் எதிர்பார்த்த விடை 3⁶, அதாவது 729. பிள்ளைகளோ ஓரத்தில் பெருக்கிப் பார்த்து 1088 என்று அழகாக எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் தப்பு. அன்று சாயங்காலமே பெற்றோர்கள் படியேறிவிட்டார்கள். “முப்பத்துநாலை முப்பத்திரண்டால பெருக்கினா ஆயிரத்து எண்பத்தெட்டுதானே சார்?” என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். அவர் சொன்னது சரி. கடைசியில் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கலவரத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. 3⁴ என்றால் 81, 3² என்றால் 9, இரண்டையும் பெருக்கினால் 729. அதுவரைக்கும் சரி. ஆனால் விடைக்குறிப்பில் வாத்தியார் பெருக்கவே இல்லை. நாலையும் இரண்டையும் கூட்டி ஆறு என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். பெருக்கச் சொன்ன இடத்தில் ஒரு மனுஷன் கூட்டிவிட்டு எப்படித் தப்பிக்கிறார்? இந்தக் கேள்வி ராத்திரி படுத்தாலும் விடவில்லை. அந்த வருடமே தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டேன்.

“இந்த வயசுல எதுக்குங்க?” என்றாள் மனைவி. “அடிக்கிறதையே படிச்சுட்டா ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்” என்றேன். “அப்ப கல்யாணப் பத்திரிகையும் நிறைய அடிக்கிறீங்க” என்றாள். மேற்கொண்டு பேச்சை நான் வளர்க்கவில்லை.

வேறு ஊரில் ஒருவன் கணக்குப் படிக்கப் போகிறேன் என்றால் பாவம் என்பார்கள். கும்பகோணத்தில் அப்படி இல்லை. இராமானுஜன் வளர்ந்த வீடு சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இன்றும் நினைவில்லமாக இருக்கிறது. அவர் படித்த டவுன் ஹைஸ்கூலில் இன்றும் மணி அடிக்கிறது. ஆகையால், “கணக்கா? நம்ம ஊர்த் தண்ணி அப்படி” என்று ஆளாளுக்கு முதுகைத் தட்டிவிட்டு, உடனே “1729 தெரியுமா?” என்று பரீட்சையும் வைத்துவிடுகிறார்கள். கத்திரிக்காய் வாங்கப் போன இடத்தில்கூட நான் 12³ + 1³ என்றும் 10³ + 9³ என்றும் ஒப்பித்திருக்கிறேன். இதில் எனக்கு ஒரே ஓர் ஆறுதல் இருக்கிறது. இராமானுஜனே இந்த ஊர் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் கவனம் வைக்காமல் கோட்டை விட்டு, உதவித்தொகையை இழந்தவர். ஆகவே எங்கள் ஊரில் ஆங்கிலத்தில் தோற்றால் மேதை. கணக்கில் தோற்றால்தான் வெளியே தலைகாட்ட முடியாது. நான் சேர்ந்திருப்பதோ கணக்கில்.

பாடப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கமே நம்மை நன்றாகத் தெரிந்தவர்போலப் பேசுகிறது. ‘மாணவர்கள் பள்ளியில் கற்ற அடுக்கு விதிகளை நினைவுகூர்க’ என்கிறது. என்னை நினைவுகூரச் சொல்வது கொஞ்சம் அதிகம். காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா என்பதை நினைவுகூரவே அட்டையை எடுத்து எண்ண வேண்டியிருக்கிறது. ஆகவே சாரிடம் சரணடைந்தேன்.

சார் பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். நாலு மணிக்குக் குடையோடு வருவார், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். டியூஷன் சென்டர்களுக்கு இன்னும் வினாத்தாள் எழுதிக் கொடுப்பார். அதை நான் அடித்துத் தருவேன். புது ஏற்பாட்டின்படி அவர் எனக்குப் பாடம் சொல்லித் தருவார். அவருக்கு ஜெராக்ஸ் இலவசம். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு அவர் ஒரு தாள் தேவைப்படுகிற இடத்தில் மூன்று எடுக்க ஆரம்பித்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

முதல் நாளே எக்ஸ், ஒய் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டார். “ஒவ்வொரு தடவையும் எழுத்துரு மாத்திக்கிட்டு என்ன பாடு இது தம்பி! மாறிதானே? ம-ன்னு ஒண்ணு, ப-ன்னு ஒண்ணு வெச்சுக்குங்க. பாஸ்கரர் ‘யா’ன்னு எழுதலையா?” என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு ஆயுசுக்கும் ஜெராக்ஸ் எடுத்துத் தரலாம். பிறகு ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் இப்படி எழுதினார்:

சுருக்குக: (3ம²ப⁻¹)² × 2ம⁻³ப⁴ ÷ (6மப)

எனக்கு முதல் எரிச்சல் அந்தச் ‘சுருக்குக’ மேல்தான். பள்ளிக்கூடத்தில் நான் அறிந்த கணக்கில் ஏதாவது தொலைந்து போயிருக்கும். நாம் கண்டுபிடித்துக் கொடுப்போம். அப்பாவின் வயது தொலைந்திருக்கும், தொட்டியின் கொள்ளளவு தொலைந்திருக்கும், கம்பத்தின் உயரம் தொலைந்திருக்கும். இங்கே எதுவுமே தொலையவில்லை. ம என்ன என்று கேட்கவில்லை. ப எவ்வளவு என்று யாருக்கும் கவலையில்லை. சமம் என்ற குறிகூட இல்லை. “இதுல என்ன சார் கண்டுபிடிக்கணும்?” என்றேன். “ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம். இவ்வளவு பேசியிருக்கானே, உள்ளபடி என்ன சொல்ல வர்றான்னு மட்டும் பாருங்க” என்றார். பொதுக்கூட்ட நோட்டீஸ் அடித்துப் பழகியவனுக்கு இது நன்றாகவே புரிந்தது.

புத்தகத்தில் விதிகள் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தன. பெருக்கினால் அடுக்கைக் கூட்டு, வகுத்தால் கழி, அடுக்குக்கே அடுக்கு வந்தால் பெருக்கு, பூஜ்ஜியம் வந்தால் ஒன்று, கழித்தல் குறி வந்தால் கீழே தள்ளு, பின்னம் வந்தால் மூலம் எடு. பெருக்கல் வந்தால் கூட்டு, அடுக்கு வந்தால் பெருக்கு என்று எல்லாமே ஒரு படி தள்ளி நடக்கிறது. எனக்கு மனப்பாடம் ஏறவில்லை என்று சாரிடம் சொன்னேன். அவர் வருத்தப்படுவார் என்று பார்த்தால் சந்தோஷப்பட்டார். “ரொம்ப நல்லது. ஞாபகசக்தி இருக்கிற பையனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறது கஷ்டம். எதையும் ஏன்னு கேக்காம வாங்கி வெச்சுக்குவான். உங்களுக்குத்தான் எதுவும் நிக்காதே, ஒவ்வொண்ணும் ஏன்னு தெரிஞ்சாகணும். வாங்க” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் கணக்கில் விதி ஒன்றே ஒன்றுதான். ம³ என்றால் மூன்று ம-வைப் பெருக்கி வைத்திருக்கிறது. ம² என்றால் இரண்டு. இரண்டையும் பெருக்கினால் மொத்தம் எத்தனை ம? ஐந்து. முடிந்தது. அவ்வளவு உயரத்தில் அமர்ந்து அத்தனை வருடம் என்னைப் பயமுறுத்திய எண், ஆளை எண்ணிச் சொல்லும் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. 3⁴ × 3²-இல் வாத்தியார் தப்பித்த ரகசியம் இதுதான். நாலு மூன்றும் இரண்டு மூன்றும் சேர்ந்தால் ஆறு மூன்று. அவர் பெருக்கலைக் கூட்டவில்லை, எண்ணிக்கையைக் கூட்டினார். (ம³)² என்றால் மும்மூன்றாக இரண்டு வரிசை, ஆகவே ஆறு. ம⁵-ஐ ம²-ஆல் வகுத்தால் மேலே இருக்கிற ஐந்தில் இரண்டு அடிபட்டுப் போக மூன்று. கட்டத்தில் இருந்த முதல் மூன்று விதிகளும் இப்படி ஒரே மூச்சில் தீர்ந்தன.

பூஜ்ஜியத்தில் நான் முரண்டு பிடித்தேன். மூன்று ம, இரண்டு ம எல்லாம் சரி. பூஜ்ஜியம் ம என்றால் ஒன்றுமே எழுதவில்லை என்று அர்த்தம். ஒன்றுமில்லாத இடத்தில் ‘ஒன்று’ எங்கிருந்து வந்தது? சார் வாதாடவில்லை. தாளில் மேலிருந்து கீழாக 2³ = 8, 2² = 4, 2¹ = 2 என்று எழுதினார். “அடுக்கு ஒண்ணு குறைஞ்சா மதிப்பு என்ன ஆகுது?” பாதியாகிறது. “அப்ப அடுத்த வரி?” இரண்டில் பாதி ஒன்று. “நான் சொல்லல தம்பி, நீங்கதான் சொன்னீங்க” என்று பேனாவை மூடினார். இதுதான் அவரிடம் இருக்கிற கெட்ட பழக்கம். நம் எதிரியின் கட்சியை நம் வாயாலேயே சொல்லவைத்துவிடுவார். “அப்ப பூஜ்ஜியத்தோட அடுக்கு பூஜ்ஜியம்?” என்று மடக்கினேன். “காபி சொல்லுங்க” என்றார்.

படியில் இன்னும் கீழே இறங்கினால் கழித்தல் அடுக்குகள் வருகின்றன. ஒன்றில் பாதி அரை, ஆகவே 2⁻¹ என்பது அரை. 2⁻² கால். என் கடையில் வேலை பார்க்கிற பி.இ. பையன் குறுக்கே வந்தான்: “என்னண்ணே, மைனஸ்னா விடையும் மைனஸ்ல வரணும்ல? டூ பவர் மைனஸ் த்ரீ, மைனஸ் எட்டு.” நாட்டில் பாதிப் பேர் இந்தக் கட்சி. சார் சிரித்துவிட்டு, “எட்டுல ஒரு பங்குப்பா. கடன் இல்ல, சின்னது” என்றார்.

இந்த விஷயத்தில் எங்கள் வீட்டின் நிபுணர் யார் என்பது அன்று ராத்திரிதான் தெரிந்தது. மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். படியால் அளந்து பழகிய கை. சும்மா கேட்டேன்:

“அத்தை, கால் படியில பாதி என்ன?”

“அரைக்கால் படி. ஆழாக்கு.”

“அதுல பாதி?”

“வீசம்.”

“அதுல பாதி?”

“அரை வீசம். ஏன் மாப்பிள்ளை, அதுக்குக் கீழ யாரு வந்து வாங்குறா?”

அரைக்கால், வீசம், அரை வீசம். 2⁻³-இலிருந்து 2⁻⁵ வரைக்கும் பள்ளிக்கூடம் போகாத ஒருவர் மூச்சு விடாமல் இறங்கினார். நான் விண்ணப்பம், கட்டணம், பாடப் புத்தகம் என்று சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் அவர் ஐம்பது வருடமாக உளுந்து அளந்துகொண்டிருக்கிறார். இதைச் சாரிடம் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதுக்கே ஆச்சரியப்பட்டா எப்படி? எண்சுவடியில முந்திரின்னா 320-ல ஒரு பங்கு. அந்த முந்திரியையே முழுசுன்னு வெச்சு, மறுபடி 320-ல ஒரு பங்கு எடுத்தா கீழ்முந்திரி. எவ்வளவு?” நான் கால்குலேட்டரை எடுத்தேன். 1,02,400-இல் ஒரு பங்கு. 320⁻². “திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பசங்க இதை வாயால சொன்னாங்க” என்றார். பி.இ. பையன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

பின்ன அடுக்கும் அதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது. 9-இன் அடுக்கு அரை என்றால் என்ன? தெரியாது. ஆனால் அதை அதாலேயே பெருக்கினால் அரையும் அரையும் சேர்ந்து அடுக்கு ஒன்று ஆக வேண்டும்; அதாவது 9 வர வேண்டும். தன்னைத் தானே பெருக்கி 9 தருவது 3. ஆக, அரை என்கிற அடுக்கு வர்க்கமூலம். கூட்டல் விதி கெட்டுப் போகக் கூடாது என்ற ஒரே பிடிவாதத்தில் பூஜ்ஜியம், கழித்தல், பின்னம் என்று எல்லாவற்றுக்கும் அர்த்தம் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கட்டத்தில் இருந்தவை ஆறு விதிகளல்ல, ஒரே விதியும் அதன் பிடிவாதமும்தான். பள்ளிக்கூடத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் இத்தனை காலம் சும்மா டைப் அடித்துக்கொண்டிருந்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசை. அந்த வயதில் சொல்லியிருந்தால் நான் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்திருப்பேன் என்பதே உண்மை.

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். (3ம²ப⁻¹)² என்பதைத் திறந்தால் 9ம⁴ப⁻². இதை 2ம⁻³ப⁴-ஆல் பெருக்கினால் எண்கள் 18. ம-வின் அடுக்கு நாலிலிருந்து மூன்று போக ஒன்று. ப-வின் அடுக்கு கழித்தல் இரண்டும் நாலும் சேர்ந்து இரண்டு. ஆக 18மப². இதை 6மப-ஆல் வகுத்தால் 3ப. அவ்வளவுதான். ஒரு முழு வரியை அடைத்துக்கொண்டு, அடைப்புக்குறி போட்டு, தலையில் எண்ணும் எண்ணுக்குக் கழித்தல் குறியும் மாட்டி நின்ற அந்த ஊர்வலம் சொல்ல வந்தது வெறும் ‘3ப’. கேள்வியில் மூன்று இடத்தில் நின்று பாவனை காட்டிய ம, விடையில் பேருக்குக்கூட இல்லை. ம-வும் ப-வும் பூஜ்ஜியமாக இல்லாதவரை இது என்றைக்கும் பொருந்தும்.

“சரியான்னு எப்படித் தெரியும் சார்?” என்று கேட்டேன். பின்னால் விடைக்குறிப்பு இல்லாத வயதுக்கு அவர் சொன்ன வழி நல்ல வழி. எழுத்துக்குப் பதில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது. ம = 2, ப = 3 என்று வைத்தால், முதல் அடைப்புக்குறி 4, அதன் வர்க்கம் 16. அடுத்தது 2-ஐ 8-ஆல் வகுத்து 81-ஆல் பெருக்கியது, 20.25. இரண்டின் பெருக்கல் 324. அதை 36-ஆல் வகுத்தால் 9. நம் விடை 3ப, அதுவும் 9. இரண்டும் ஒன்றாக வந்தபோது நான் கடையில் சத்தமாகவே “ஆச்சு!” என்றேன். ஆதார் அட்டை லேமினேஷனுக்குக் காத்திருந்த பெரியவர், “கொடுங்க” என்று கையை நீட்டினார்.

இந்தச் சின்ன எண்ணை மேலே ஏற்ற மனித குலம் பட்ட பாட்டைக் கேட்டால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குக் கண்ணில் நீர் வரும். பாஸ்கரர் 12-ஆம் நூற்றாண்டில் தெரியாத எண்ணுக்கு ‘யா’ என்று எழுதி, பக்கத்திலேயே வர்க்கத்துக்கு ‘வ’ போட்டார். தெரியாதவை ஒன்றுக்கு மேல் வந்தால் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயரை வைத்துக்கொண்டார். நல்லவேளையாகப் பெயரை மட்டும்தான், கலர் பிரிண்ட் கேட்கவில்லை. இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்ட், சமக்குறியை அறிமுகப்படுத்திய அதே 1557-ஆம் ஆண்டுப் புத்தகத்தில், எட்டாம் அடுக்குக்கு ‘ஸென்ஸிஸென்ஸிஸென்ஸிக்’ என்று பேர் வைத்தார். இந்த வார்த்தைக்கு நான் பக்கக் கணக்கில் கூலி வாங்க மாட்டேன், எழுத்துக் கணக்கில்தான். டேகார்ட் 1637-இல் வந்துதான் இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரி மேலே சின்னதாக 3, 4 என்று போட்டார். அவரே வர்க்கத்துக்கு மட்டும் பல இடங்களில் எழுத்தை இரண்டு முறை எழுதிவிட்டுப் போனார்.

என்னைக் கலக்கியது நிக்கோலா ஷூக்கே என்கிற பிரெஞ்சுக்காரர் கதை. அவர் 1484-இலேயே பூஜ்ஜிய அடுக்கும் கழித்தல் அடுக்கும் உட்பட எண்ணை மேலே ஏற்றி எழுதிவிட்டார். ஆனால் கையெழுத்துப் பிரதி அச்சுக்குப் போனது 1880-இல். கிட்டத்தட்ட நானூறு வருடம்! என் கடையில் இரண்டு நாள் தாமதமானால் ஆய்வேட்டுக்காரர்கள் போடுகிற சத்தத்தை ஷூக்கே கேட்டிருக்க வேண்டும். அவர் பிரதி தூங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1656-இல் ஜான் வாலிஸும் பிறகு நியூட்டனும் கழித்தல், பின்ன அடுக்குகளுக்கு மறுபடி வழி போட்டு முடித்துவிட்டார்கள்.

மேலே ஏற்றியாகிவிட்டது, யாருக்கு மேல் என்கிற தகராறு இன்னும் தீரவில்லை. −3² என்றால் எவ்வளவு? கணித வழக்கப்படி அடுக்கு மூன்றுக்கு மட்டும்தான்; கழித்தல் குறி வெளியே நிற்கும்; விடை −9. எக்செல்லின் வழக்கம் வேறு. அங்கே =-3^2 என்று அடித்தால் 9 வரும், ஏனென்றால் அது கழித்தல் குறியை மூன்றோடு முதலில் ஒட்டிவிடுகிறது. =2^3^2 என்று அடித்தால் 64 தரும்; கணக்கு வாத்தியார்கள் மேலிருந்து இறங்கி 2⁹, அதாவது 512 என்பார்கள். இதை நான் பெருமையோடு காட்டியபோது சார் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அடைப்புக்குறிக்குக் காசா கேக்கிறாங்க? போட்டுத் தொலைக்கச் சொல்லுங்க” என்றார்.

இனி, கூட்டல். அடுக்கு விதிகள் அத்தனையும் பெருக்கலுக்குள்தான் செல்லும். ம³ × ம² என்றால் ம⁵. ம³ + ம² என்றால்? ஒன்றும் செய்ய முடியாது. ம²(ம + 1) என்று மடித்து வைக்கலாம், அதற்குமேல் சேராது. ஆனால் சேர்த்தே தீருவது என்று உலகம் கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறது. என்னிடம் வருகிற விடைத்தாள்களில் (ம + ப)² என்பது பாதி இடங்களில் ம² + ப² என்றுதான் இருக்கும். நடுவில் வர வேண்டிய 2மப-வை யாரும் கண்டுகொள்வதில்லை.

இதற்குச் சார் ஒரு மருந்து வைத்திருக்கிறார், அதுவும் எங்கள் ஊர் மருந்து. அடுக்கைக் கூட்டலுக்குள் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது 12³ + 1³ என்பது 13³. 10³ + 9³ என்பது 19³. இரண்டும் 1729-தான் என்று கத்திரிக்காய்க் கடையிலேயே ஒத்துக்கொண்டாயிற்று. ஆகவே 13-உம் 19-உம் ஒன்று. “பதிமூணு ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் பத்தொன்பது ரூபாய் கேட்டா கொடுப்பியா?” என்று பையன்களைக் கேட்பார். அதற்குப் பிறகு அவர்கள் 2மப-வை விடுவதில்லை.

படிப்பு இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் கடையின் ஜெராக்ஸ் மெஷின் படுத்தது. புதிதாக வாங்க ஒரு லட்சம் தேவை. தெருமுனை ஃபைனான்ஸ்காரர் தானாகவே வந்தார். நல்ல மனுஷர், எப்போதும் சிரித்த முகம். “ரெண்டு வட்டிதாண்ணே. மாசாமாசம் கட்டினாலும் சரி, முடியலைன்னா அசலோட சேத்துக்கலாம். உங்களுக்குன்னா அவசரமில்ல, மூணு வருஷம் கழிச்சு மொத்தமா பாத்துக்கலாம்” என்றார். முன்னால் நான் இதை இப்படித்தான் கேட்டிருப்பேன்: மாதம் இரண்டாயிரம், முப்பத்தாறு மாதத்துக்கு எழுபத்திரண்டாயிரம், ஆக 1,72,000. வலிக்கும், ஆனால் தாங்கலாம்.

இந்தத் தடவை ‘அசலோட சேத்துக்கலாம்’ என்ற வார்த்தை காதில் வேறுவிதமாக விழுந்தது. சேர்த்தால் ஒவ்வொரு மாதமும் இருப்பதை 1.02-ஆல் பெருக்க வேண்டும். முப்பத்தாறு மாதம், முப்பத்தாறு 1.02. மேஜையில் கிடந்த தாளில் 1.02 என்று எழுதி, அதன் தலையில் சின்னதாக 36 போட்டேன். இத்தனை வருடத்தில் நான் எனக்காக ஏற்றிய முதல் எண் அதுதான். கால்குலேட்டர் 2.04-ஐத் தொட்டது. அதாவது லட்சம், இரண்டு லட்சத்து நாலாயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தனி வட்டியில் இரட்டிப்பாக ஐம்பது மாதம் ஆகிற பணம், இங்கே முப்பத்தாறிலேயே இரட்டிப்பைத் தாண்டிவிடுகிறது. வருடத்துக்கு இருபத்துநாலு சதவீதம் என்று வாயால் சொல்வது, இருபத்தாறே முக்காலுக்கு மேலே ஓடுகிறது.

ஃபைனான்ஸ்காரர் தாளை எட்டிப் பார்த்தார்.

“மேல சின்னதா என்னண்ணே அது?”

“மாசம்.”

“அதை எதுக்கு மேல போட்டிருக்கீங்க?”

“அங்க இருந்துதான் அது வேலை செய்யுது.”

அவர் தாளைக் கையில் எடுத்து 36-ஐயும் 2.04-ஐயும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுவரில் நான் ஒட்டியிருந்த பாட அட்டவணையைப் பார்த்தார். “டிகிரி கணக்கா?” என்றார். ஆமாம் என்றேன். சிரிப்பு மாறாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. கணக்குத் தெரிஞ்சவங்களுக்குக் குடுத்து எனக்குப் பழக்கமில்ல.”

முதல் வருடப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டே இன்னும் வரவில்லை. அதற்குள் படிப்பு முப்பத்திரண்டாயிரம் ரூபாய் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. மெஷினைப் பழுது பார்க்க வந்தவரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த மனைவியிடம் இதைச் சொன்னேன். “அப்படியா?” என்று திரும்பியவள், “அந்தப் படிப்பு எத்தனை வருஷங்க?” என்று முதல் தடவையாக மரியாதையோடு கேட்டாள்.